சகோதரர்கள் காத்த மாளிகை

உலகத்திலேயே அதிக ஜனங்கள் வந்து இறங்கி ஏறும் விமான நிலையம் எது தெரியுமா? லண்டன் அல்ல, நியூயார்க்கும் அல்ல. அமெரிக்காவின் தெற்குப் பக்கம், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டா! 1998-லிருந்து, கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கிய 2020 ஒன்றைத் தவிர, வருஷம் தவறாமல் அதற்கே முதல் தாம்பூலம் கிடைத்து வந்திருக்கிறது. அந்த நிலையத்தின் பெயர் ஹார்ட்ஸ்ஃபீல்டு-ஜாக்ஸன். இருவருமே அந்த ஊர் மேயர்கள். இரண்டாமவரான மேனார்டு ஜாக்ஸன், அட்லாண்டாவின் முதல் கறுப்பு இன மேயர். 1973-ல் நடந்த தேர்தலில் ஜெயித்தவர்.

அவருடைய தாயாரைப் பெற்ற தாத்தா கட்டிய ஒரு வீட்டைப் பார்க்கத்தான் நேயர்களை இன்று அழைத்துப் போகிறேன். வீடு என்றால் குடியிருக்கும் வீடு அல்ல. அது ஒரு ‘லாட்ஜ்’.

லாட்ஜ் என்றதும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடாதீர்கள்! நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அறை எடுத்துத் தங்கும் இடம். அங்கே லாட்ஜ் என்பது ஒரு சகோதர சங்கத்தின் கிளை. அந்தச் சங்கம் கூடும் மண்டபத்துக்கும் அதே பெயர். பிரீமேசன்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்தச்சர்களின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் சின்னமாக வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு சடங்குகள் நடத்துகிறவர்கள். வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் தேசத்திலும் ஊருக்கு ஊர் அவர்களுடைய மண்டபங்கள் எழும்பின. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாததால், வடக்கே ஜனங்கள் அவற்றுக்கு ‘ஜாதுகர்’, அதாவது மந்திர வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அட்லாண்டாவில் நாம் பார்க்கப் போவதும் ஒரு மந்திர வீடுதான். ஆனால், அங்கே நடந்த மந்திரம் வேறு மாதிரி!

பதினைந்து பேர்

முதலில் ஒரு பழங்கதை. 1775-ஆம் வருஷம் மார்ச் 6-ஆம் தேதி. அமெரிக்கா இன்னும் சுதந்தரம் அடையவில்லை. பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் பட்டாளம் ஒன்று முகாம் போட்டிருந்தது. அந்தப் பட்டாளத்தோடு ஓர் ஐரிஷ் மேசன் லாட்ஜும் கூடவே பிரயாணம் செய்துகொண்டிருந்தது. அந்த லாட்ஜில் அன்றைக்குப் பதினைந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பதினைந்து பேரும் அடிமைத் தளையில் இல்லாத கறுப்பர்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் பிரின்ஸ் ஹால்.

பிரின்ஸ் என்பது அவர் பெயர், பட்டம் அல்ல. ஆயினும் மனிதர் ராஜாவைப் போலத்தான் நடந்துகொண்டார். 1777-ல், அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று மாஸசூஸெட்ஸ் சட்டசபைக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். யுத்தம் முடிந்தது, தேசம் சுதந்தரம் பெற்றது. ‘எல்லோரும் சகோதரர்கள்’ என்று சொல்லும் மேசன் சங்கத்தின் அமெரிக்க வெள்ளைக்காரக் கிளைகள் மட்டும் இந்தச் சகோதரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரின்ஸ் ஹால் சும்மா இருப்பாரா? நேரே இங்கிலாந்திலுள்ள தலைமைச் சங்கத்துக்கு எழுதினார். 1784-ல் அனுமதிப் பத்திரம் எழுதப்பட்டது. கடல் கடந்து அது கைக்கு வந்து சேர 1787 ஆகிவிட்டது. ‘ஆப்பிரிக்கன் லாட்ஜ், எண் 459’ என்று கம்பீரமாகப் பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

அந்த ஒற்றை விதையிலிருந்து கிளைத்ததுதான் இன்று அமெரிக்கா முழுவதும் பரவியுள்ள பிரின்ஸ் ஹால் மேசன் சங்கம். வெள்ளைக்காரச் சங்கங்கள் இவர்களை முறையான மேசன்கள் என்று ஒப்புக்கொள்ள ஆரம்பித்தது எப்போது தெரியுமா? 1989-ல்! கனெக்டிகட் மாநிலம்தான் வழிகாட்டியது. இருநூறு வருஷம் என்பது சகோதரர்கள் கைகுலுக்கிக்கொள்வதற்குக் கொஞ்சம் நீண்ட காலம்தான்.

இந்தச் சங்கங்கள் சடங்கோடு நின்றுவிடவில்லை. கறுப்பருக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கக் கம்பெனிகள் தயங்கிய காலம் அது; பாங்குக்குப் போனால் கடன் கிடைக்காது. சங்கத்தில் சேர்ந்தவர் நோயில் படுத்தால் உதவி, இறந்தால் ஈமச் செலவு, விதவைக்கும் குழந்தைகளுக்கும் ஆதரவு – எல்லாம் சகோதரர்கள் போட்ட சந்தாவிலிருந்து வந்தன. நம் ஊரில் மரண சகாய நிதி என்று மாதாமாதம் கட்டுகிறார்களே, அதே ஏற்பாடுதான்.

இனிய ஆபர்ன்

இப்போது அட்லாண்டாவுக்கு வருவோம். நகரத்தின் நடுமையத்திலிருந்து கிழக்கே ஒரு வீதி நீளுகிறது. ஆபர்ன் அவென்யூ என்று பெயர். 1893 வரையில் ‘வீட் ஸ்டிரீட்’, அதாவது கோதுமைத் தெரு என்று இருந்தது. 1906 செப்டம்பரில் நகரத்தில் பயங்கரமான இனக் கலவரம் மூண்டது. வெள்ளையர் கும்பல்கள் கண்ணில் பட்ட கறுப்பரையெல்லாம் தாக்கின. குறைந்தது 25 கறுப்பர்கள் மாண்டார்கள். அதன் பிறகு நகர மத்தியில் கடை வைத்திருந்த கறுப்பர்கள் ஒவ்வொருவராக ஆபர்ன் பக்கம் நகர்ந்தார்கள். துரத்தப்பட்டவர்கள் போய் ஒதுங்கிய வீதி அது. ஆனால் ஒதுங்கியவர்கள் அதைப் பொன் விளையும் வீதியாக்கிவிட்டார்கள்!

அடிமையாகப் பிறந்து, நாவிதத் தொழில் செய்து முன்னுக்கு வந்த அலான்ஸோ ஹெர்ண்டன் 1905-ல் ஆரம்பித்த இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம், அட்லாண்டா லைஃப் என்று பெயர் பெற்று இந்த வீதியில்தான் வளர்ந்தது. 1928-ல் தோன்றிய ‘அட்லாண்டா டெய்லி வோர்ல்டு’ பத்திரிகை இந்த வீதியில் அச்சாயிற்று. பாங்கு, மருந்துக் கடை, நாட்டியக் கொட்டகை, வானளாவும் கோபுரமுள்ள மாதாகோயில் எல்லாம் ஒரு மைல் நீளத்துக்குள் அடக்கம். 1956-ல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகை, உலகத்திலேயே பணக்காரக் கறுப்பர் வீதி இதுதான் என்று எழுதியது.

அதற்கெல்லாம் முன்பே இந்த வீதிக்கு ‘ஸ்வீட் ஆபர்ன்’, இனிய ஆபர்ன் என்று செல்லப் பெயர் வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் நம் கதாநாயகர், ஜான் வெஸ்லி டாப்ஸ்.

தபால்கார டாப்ஸ்

1882-ல் பிறந்தவர் டாப்ஸ். கல்லூரியில் சேர்ந்தார், முடிக்க முடியவில்லை. ரயிலில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடும் வேலை. ஆறு பெண் குழந்தைகள். ஆறு பேரையும் ஸ்பெல்மன் கல்லூரியில் படிக்கவைத்துப் பட்டதாரிகளாக்கினார். அவர்களில் ஒருத்தியான மாட்டிவில்டா டாப்ஸ், 1953-ல் இத்தாலியின் புகழ்பெற்ற லா ஸ்காலா இசை அரங்கில் பாடிய முதல் கறுப்பினப் பாடகி என்ற கீர்த்தியைப் பெற்றார். ஒரு தபால் குமாஸ்தாவின் சம்பளத்தில் இதெல்லாம் நடந்தது என்றால், பெற்றவர்கள் எப்படிச் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்று நம் வீட்டு அம்மாமார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1932-ல் ஜார்ஜியாவின் பிரின்ஸ் ஹால் மேசன்களுக்கு டாப்ஸ் தலைவரானார். ‘கிராண்டு மாஸ்டர்’ என்பது பதவியின் பெயர். 1961-ல் கண்ணை மூடும் வரை அந்த ஆசனத்தில் அவரே இருந்தார். அவருடைய மந்திரம் மூன்று சொற்கள்: ஓட்டு, புத்தகம், டாலர். இந்த மூன்றும் கைக்கு வந்தால் மற்றதெல்லாம் தானே வரும் என்பது அவர் கட்சி. மேசன் கூட்டம் என்றால் சடங்கு முடிந்ததும் அவர் கேட்கும் கேள்வி, ‘வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்தாயா?’ என்பதுதான்.

1936-ல், அட்லாண்டாவில் பத்தாயிரம் கறுப்பர்களையாவது பட்டியலில் ஏற்றுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். அப்போது அது வெறும் கனவு. பத்து வருஷம் கழித்து, 1946-ல், கட்சித் தேர்தல்களில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற வழக்கம் கோர்ட்டில் அடிபட்டுப் போயிற்று. உடனே டாப்ஸும் மற்றத் தலைவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சில வாரங்களில், ஏழாயிரமாக இருந்த கறுப்பு வாக்காளர் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது!

மேயருக்கும் கணக்குத் தெரியும் அல்லவா? 1948-ல் எட்டுக் கறுப்புப் போலீஸ்காரர்களை நகரம் நியமித்தது. அந்த எட்டுப் பேரும் வெள்ளைக்காரர்களைக் கைது செய்யக் கூடாது; போலீஸ் தலைமை நிலையத்தில் உடை மாற்றிக்கொள்ளக்கூட இடம் கிடையாது. பக்கத்து பட்லர் தெரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அப்படியும் அது ஒரு வெற்றிதான்.

மண்டபம் எழுந்தது

இப்பேர்ப்பட்ட மனிதர் கட்டிய கட்டடம் எப்படி இருக்கும்? ஏதோ பெரிய கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஆபர்ன் அவென்யூவும் ஹில்லியார்டு தெருவும் கூடும் மூலையில், கதவு எண் 332, 334 என்று ஆடம்பரமில்லாமல் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில், பொருளாதார மந்தத்தின் வடு இன்னும் ஆறாத காலத்தில், சகோதரர்கள் சேர்ந்து எழுப்பிய மண்டபம்.

கட்டடத்தின் சூட்சுமம் அதன் அமைப்பிலே இருக்கிறது. சகோதர சங்கங்கள் நகர மத்தியில் கட்டடம் கட்டும்போது கையாண்ட யுக்தி ஒன்று உண்டு. கீழே கடைகள், நடுவில் வாடகைக்கு விடும் அலுவலகங்கள், மேலே சங்கத்தின் கூட்டம். வாடகைப் பணம் வந்தால் சந்தாவை உயர்த்த வேண்டியதில்லை; கூரை ஒழுகினால் கையேந்த வேண்டியதில்லை. டாப்ஸின் மண்டபமும் இந்த வழியில் வந்ததுதான். தரைத் தளத்தில் மேடம் சி.ஜே. வாக்கர் பெயர் தாங்கிய அழகு நிலையம் ஒன்று நடந்தது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, கூந்தல் தைலம் விற்றே பெரும் செல்வம் சேர்த்த அம்மையார் அவர். அவர் 1919-லேயே காலமாகிவிட்டார். பெயர் மட்டும் ஊர் ஊராகப் பெண்களுக்குப் பிழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வாடகைக்கு இடம் என்பது வெறும் வரும்படி விஷயம் அல்ல. அந்த நாளில் அட்லாண்டாவில், ‘வெள்ளையர் ஆட்சி ஒழிக’ என்று சொல்லுகிற ஸ்தாபனத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? கொடுத்தாலும், அடுத்த மாதம் வீட்டுக்காரருக்கு எங்கிருந்தாவது நெருக்கடி வந்தால் காலி செய்யச் சொல்லிவிட மாட்டாரா? ஆகவே, யாருக்கும் பயப்பட வேண்டாத வீட்டுக்காரர் ஒருவர் தேவையாக இருந்தார். மேசன்கள் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். அதுதான் இந்த வீட்டின் மகிமை.

துடைப்பக் கட்டையும் ஒலிபெருக்கியும்

1949-ல், ஜெஸ்ஸி பிளெய்ட்டன் என்ற கணக்கு நிபுணர் 50,000 டாலர் கொடுத்து ஒரு வானொலி நிலையத்தை வாங்கினார். டபிள்யூ.இ.ஆர்.டி. என்று நான்கு எழுத்துப் பெயர். அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் சொந்தமாக்கிக்கொண்ட முதல் வானொலி நிலையம் அதுதான். அதுவரையில் கறுப்பர்கள் வானொலியில் பாடலாம், பேசலாம். ஆனால் எதைப் பாடுவது, எதைப் பேசுவது என்று தீர்மானித்தவர்கள் வேறு. இப்போது சாவி கை மாறிற்று. அந்த நிலையம் நம் மேசன் மண்டபத்தின் மாடியில் குடியேறியது.

1957-ல் தெற்கத்தியப் பாதிரிமார்கள் பலர் ஒன்றுகூடி ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்று பெயர். அதன் தலைவர் 28 வயது இளைஞர், டாக்டர் மார்ட்டின் லூதர் கிங். அதன் காரியங்களைக் கவனிக்க அட்லாண்டாவுக்கு வந்த எல்லா பேக்கர் அம்மையார், ஆரம்பத்தில் மேஜை நாற்காலி கூட இல்லாமல், ஹோட்டல் அறையிலிருந்தும் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்தும் வேலை செய்தார் என்பது சரித்திரம். அந்த ஸ்தாபனத்துக்கும் டாப்ஸின் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 1963-ல் நடந்த பர்மிங்ஹாம் போராட்டம், 1965-ல் நடந்த செல்மா யாத்திரை – இவற்றுக்கெல்லாம் கடிதம் போனதும், கணக்கு எழுதியதும், இரவெல்லாம் விவாதம் நடந்ததும் இந்த ஸ்தாபனத்தின் அலுவலகத்தில்தான்.

கீழே கிங், மேலே வானொலி. இந்த அண்டை வீட்டு உறவைப் பற்றி ஆபர்ன் வீதியில் ருசியான கதை ஒன்று சொல்லுவார்கள். கிங்குக்கு ஊர் ஜனங்களிடம் ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமானால், மாடிப்படி ஏறக்கூட மாட்டாராம். துடைப்பக் கட்டையை எடுத்து மேல் தளத்தில் ‘டொக், டொக்’ என்று தட்டுவாராம். மேலே பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பவர் அதை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை ஜன்னல் வழியாகக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவாராம். கிங் பேசுவார், நகரம் கேட்கும்! தந்தியும் தபாலும் செய்யாத வேலையை ஒரு துடைப்பக் கட்டை செய்தது என்றால் யாருக்குத்தான் ரசிக்காது?

குமரி முனையிலிருந்து

இந்த இடத்தில் நம் மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் வருகிறது. 1959 பிப்ரவரியில் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் இந்தியாவுக்கு வந்தார்கள். காந்தி மகாத்மாவின் தேசத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவல். டில்லி, பாட்னா, கல்கத்தா என்று சுற்றிவிட்டுச் சென்னைக்கும் வந்தார்கள். காந்திகிராமத்தைப் பார்த்தார்கள். கன்னியாகுமரியில் நின்று, ஒரு பக்கம் சூரியன் அஸ்தமிப்பதையும் மறு பக்கம் சந்திரன் உதிப்பதையும் பார்த்தார்கள். ஒரு விளக்கு அணையும்போது இன்னொரு விளக்கு ஏற்றப்படுகிறது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது; ஊர் திரும்பியதும் மாதாகோயில் பிரசங்கத்தில் அதைச் சொன்னார்.

அதற்கு முன்பே அட்லாண்டாவுக்குக் காந்தியைத் தெரியும். கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் மேஸ், 1936-ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்துப் பேசியவர். மாணவனாக இருந்த கிங்குக்கு அவர் குரு ஸ்தானம். 1960-ல் மாண்ட்கோமரியை விட்டு அட்லாண்டாவுக்கே கிங் குடிவந்தபோது, சத்தியாக்கிரகமும் அவரோடு ஆபர்ன் வீதிக்குக் குடிவந்தது என்று சொல்லலாம்.

1961 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, அட்லாண்டா நகரத்து வெள்ளையர் பள்ளிக்கூடங்களில் முதன்முதலாகக் கறுப்பு மாணவர்கள் சிலர் கால் வைத்தார்கள். அதே நாளில் டாப்ஸ் இறந்துபோனார். ஒரு விளக்கு அணைந்தது. ஒரு விளக்கு ஏறியது!

வீதியைக் கிழித்த சாலை

சுதந்தரம் வந்தது, வீதி தளர்ந்தது. விசித்திரமாக இருக்கிறதல்லவா? காரணம் சொல்லுகிறேன். 1950களிலும் 1960களிலும் நகரத்தின் குறுக்கே பிரம்மாண்டமான நெடுஞ்சாலை போட்டார்கள். அது ஆபர்ன் வீதியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு, தலைக்கு மேலே தூண்களில் ஏறிப் போயிற்று. வீதி இரண்டு துண்டாயிற்று. அந்தப் பக்கம் வியாபாரம், இந்தப் பக்கம் வீடுகளும் மாதாகோயிலும். நடுவில் மோட்டார்களின் இரைச்சல்.

அதே சமயத்தில், எந்தக் கடைக்கும் போகலாம், எந்தப் பேட்டையிலும் குடியிருக்கலாம் என்று சட்டம் வந்தது. வசதியுள்ளவர்கள் வேறு பேட்டைகளுக்குப் போனார்கள். 1968-ல் வானொலி நிலையம் விலைபோயிற்று. அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில், கொலையுண்ட கிங்கின் பூதவுடலைக் கோவேறு கழுதைகள் பூட்டிய கட்டை வண்டியில் வைத்து, இந்த வீதியிலிருந்துதான் ஊர்வலமாக எடுத்துப் போனார்கள்.

1976-ல் ‘தேசியச் சரித்திரச் சின்னம்’ என்ற பட்டம் வீதிக்குக் கிடைத்தது. பட்டம் கூரையை அடைக்குமா? 1992-ல், அமெரிக்காவில் அழியும் நிலையிலுள்ள சரித்திர இடங்களின் ஜாபிதாவில் ஸ்வீட் ஆபர்னும் சேர்ந்தது. 2008 மார்ச் 14-ஆம் தேதி இரவு சுழற்காற்று ஒன்று நகரத்தின் நடுவே புகுந்தது. ஹெர்ண்டன் கட்டடம் சிதைந்தது. பிறகு இடித்தே விட்டார்கள். 2012-ல் ஆபத்து ஜாபிதாவில் வீதியின் பெயர் இரண்டாம் முறை ஏறியது.

இன்னொரு சகோதர சங்கத்தின் கதையையும் கேளுங்கள். நெடுஞ்சாலைக்கு மேற்கே ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ‘ஆட் ஃபெல்லோஸ்’ என்னும் சங்கத்தார் கட்டி, 1912-ல் புக்கர் டி. வாஷிங்டன் திறந்துவைத்தது. முகப்பில் சுட்ட மண்ணால் செய்த முகங்கள். எல்லாம் கறுப்பு மக்களின் முகங்கள்! நம் மண்டபத்தைவிட அழகு அதிகம். பிற்காலத்தில் அது சங்கத்தின் கையை விட்டுப் போயிற்று. நல்ல வேளை, புதியவர்கள் பழுதுபார்த்து அலுவலகங்களாக்கினார்கள். கட்டடம் பிழைத்தது, ஆனால் சகோதரர்கள் இல்லை.

பிரின்ஸ் ஹால் மேசன்களின் மண்டபம் அழகுப் போட்டியில் தோற்கலாம். ஆனால், கட்டியவர்களின் சங்கமே அதற்கு இன்னும் சொந்தக்காரர். அதுதான் வித்தியாசம்.

காப்பது எப்படி?

சொந்தக்காரராக இருப்பது சுலபமா? அமெரிக்கா முழுவதும் லாட்ஜுகளுக்கு இது சோதனைக் காலம். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள மேசன் கிளைகளில் 1959-ல் 41 லட்சம் அங்கத்தினர்கள் இருந்தார்கள். இன்றோ பத்து லட்சத்துக்கும் குறைவு. மாலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போகும் வழக்கம் இளைஞர்களிடம் குறைந்துவிட்டது. சந்தா குறைகிறது, கட்டடத்துக்கு மட்டும் வயதாகிறது. நகர மத்தியில் நிலத்தின் விலையோ ஏறுகிறது. விற்றால் கோடி, வைத்திருந்தால் செலவு. பல ஊர்களில் லாட்ஜ் மண்டபங்கள் ஹோட்டல்களாகவும் அடுக்கு வீடுகளாகவும் மாறிவிட்டது இதனால்தான்.

செங்கல் கட்டடத்துக்கு முதல் சத்துரு தண்ணீர். கூரையில் ஒரு விரிசல் விட்டால் போதும். உத்தரம் உளுக்கும், காரை பெயரும். அவசரத்துக்குச் சிமெண்டை அள்ளி அப்பினால் அது இன்னும் ஆபத்து. பழைய செங்கல் மென்மையானது. அதைவிடக் கெட்டியான சாந்து வைத்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலே பொரிந்து உதிர்ந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையார் இதற்கென்றே குறிப்புப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஜன்னல், மின்சாரக் கம்பி, தீத் தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நிபுணர் தேவை. சந்தாப் பணத்தில் எத்தனை நிபுணர்களைக் கூப்பிட முடியும்?

இந்த இடத்தில் ஜான் லூயிஸ் வருகிறார். 1965-ல் செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்த அதே இளைஞர். பிற்காலத்தில் அட்லாண்டாவின் பிரதிநிதியாகக் காங்கிரஸில் முப்பது வருஷத்துக்கு மேல் அமர்ந்து, 2020-ல் மறைந்தார். அவர் கொண்டுவந்த மசோதா 2018 ஜனவரி 8-ஆம் தேதி சட்டமாயிற்று. கிங் பிறந்த வீடும், அவர் பிரசங்கம் செய்த எபனேசர் மாதாகோயிலும் அடங்கிய பகுதி ‘தேசியச் சரித்திரப் பூங்கா’ ஆயிற்று. ஜார்ஜியா மாநிலத்துக்கே அதுதான் முதலாவது. அந்தப் பூங்காவின் எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மேசன் மண்டபத்தையும் உள்ளே சேர்த்தார்கள்.

சட்டத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். சர்க்கார் கட்டடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரம் மேசன்கள் பெயரில்தான் இருக்கிறது. பழுதுபார்ப்பதற்கும் பராமரிப்பதற்கும் வேண்டிய நிபுணர் உதவியைப் பூங்காத் துறை தரலாம், அவ்வளவுதான். ரகசியச் சங்கத்துக்குச் சர்க்கார் ஏன் உதவ வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மேல் மாடிச் சடங்கு ரகசியமாக இருந்தாலும், கீழே நடந்த காரியம் பகிரங்கமானது. ஒரு தேசத்தின் சட்டத்தையே அது மாற்றியது. அந்தப் பலனை அனுபவிக்கிறவர்கள் ஒரு கூடைச் சாந்துக்காவது கடன்பட்டவர்கள்தானே?

இன்னொரு பக்கமும் உண்டு. சங்கத்தார் வெளியேறி, கட்டடம் வெறும் காட்சிசாலையாகிவிட்டால் என்ன ஆகும்? கண்ணாடிப் பெட்டிக்குள் துடைப்பக் கட்டையை வைத்துக் காட்டலாம். தட்டுவதற்கு ஆள் இருக்காது. சகோதரர்கள் மாடியேறிக் கூடும் வரையில்தான் அது லாட்ஜ். ஆகவே, கட்டடத்தைக் காப்பதும் சங்கத்தைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள். இரண்டாவது வேலைக்கு எந்தச் சர்க்காரும் நிபுணரை அனுப்ப முடியாது.

நீங்கள் போனால்...

விமான நிலையத்திலிருந்து மார்ட்டா ரயிலில் ஏறி, ஃபைவ் பாயிண்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் ஆபர்ன் வீதி நடைதூரம்தான். வீதியில் 2014 கடைசியில் ஓடத் தொடங்கிய டிராமின் தண்டவாளங்களைப் பார்ப்பீர்கள். மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால், ஆட் ஃபெல்லோஸ் கட்டடத்தைத் தாண்டி நெடுஞ்சாலை வரும். அந்தப் பாலத்தின் அருகே டாப்ஸின் சிலை ஒன்று உண்டு. உடம்பு கிடையாது, பெரிய முகம் மாத்திரம். 1996-ல் வைத்தது. பின்பக்கம் போய் நின்றால் அந்தக் கண்களின் துவாரம் வழியாக ஆபர்ன் வீதியைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போனால் தூக்கிக் காட்டுங்கள்.

பாலத்தைத் தாண்டிச் சற்று தூரம் நடந்தால் மேசன் மண்டபம். உள்ளே போய்ச் சடங்கு மண்டபத்தைப் பார்க்க நமக்கு உரிமையில்லை. தெருவில் நின்று பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் எபனேசர் மாதாகோயில், கிங்கின் சமாதி, அதற்கப்பால் 501-ஆம் எண்ணில் அவர் 1929-ல் பிறந்த வீடு. எல்லோரும் அந்த வீட்டைப் பார்க்கத்தான் அவசரமாகப் போகிறார்கள். போகிற வழியில் ஹில்லியார்டு தெரு மூலையில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். ஜன்னல்களைப் பாருங்கள். எந்த ஜன்னல் வழியாக ஒலிவாங்கி இறங்கியிருக்கும் என்று யோசிப்பதே ஒரு சுவாரசியம்.

பிறகு கண்ணைக் கூரைப் பக்கம் உயர்த்துங்கள். மகான்களுக்குச் சிலை வைக்க எப்போதும் ஆள் கிடைக்கும். அவர்கள் உட்கார்ந்து வேலை செய்த அறையின் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பது அரிது. அந்த அரிய வேலையை, சந்தா கட்டும் சாதாரண மனிதர்கள் சிலர், தாத்தாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று, எண்பது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறார்கள்.

உங்கள் ஊரிலும் பழைய சபா மண்டபமோ, வாசகசாலையோ, தொழிற்சங்கக் கட்டடமோ ஒன்று இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, மழைக்காலத்துக்கு முன் அதன் ஓடு மாற்றப்பட்டதா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.